நியூ ஜெர்சில மல்டி-ஃபேமிலி வீடு வாங்கப்போறீங்களா, ஸோனிங்கை முதல்ல பாருங்க

போன வருஷம் ஹட்சன் கவுன்டில ஒரு வீடு பார்த்தோம். நியூயார்க் போற பாத் (PATH) ட்ரெயின் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம், லிஸ்டிங்ல த்ரீ ஃபேமிலின்னு போட்டிருந்தாங்க, வாசல்ல மூணு காலிங் பெல், மூணு தபால் பெட்டி, பக்கவாட்டு சுவத்துல மூணு கரன்ட் மீட்டர். ஒரு யூனிட்ல நாங்க இருந்துட்டு மத்த ரெண்டு வாடகையில லோன் கட்டிடலாம்னு கணக்குப் போட்டு ஆஃபர் போட்டோம். க்ளோசிங்குக்கு, அதாவது வீடு கைமாறுற நாளுக்கு, 12 நாள் இருக்கும்போது பேங்க்லேர்ந்து போன், வீட்டுக்கு மதிப்புப் போடுற அப்ரைஸர் டவுன் ஆபீஸ்ல விசாரிச்சிருக்கார், ஊர் ரெக்கார்டுபடி அது ரெண்டு குடும்ப வீடுதான், மாடியில இருக்குற அட்டிக் யூனிட்டுக்கு எந்தப் பேப்பரும் கிடையாதுன்னு.

வீடு கை விட்டுப் போச்சு. இன்ஸ்பெக்ஷனுக்கு 950 டாலர், அப்ரைஸலுக்கு 850, வக்கீலுக்கு 1,500, லோன் வட்டியைப் பிடிச்சு வைக்கிற ரேட் லாக்கை நீட்டிச்சதுக்கு 300, ஆக மொத்தம் 3,600 டாலரும் மூணு மாசமும் போயிடுச்சு. டெபாசிட் மட்டும் திரும்பி வந்தது, அதுவும் வக்கீல் எழுதி வெச்சிருந்த ஒரு வரியால. அப்புறம் எட்டு மாசம் கழிச்சு வேற ஒரு ரெண்டு குடும்ப வீடு வாங்கினோம், இந்தத் தடவை கீழ எழுதியிருக்குற வரிசையிலதான் போனேன். முதல் தடவையே யாராவது இதைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், அதான் எழுதுறேன்.

ஒரு விஷயம், இது நியூ ஜெர்சிக்கு மட்டும். இந்த ஸ்டேட்ல 564 முனிசிபாலிட்டி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஸோனிங் ஆர்டினன்ஸ், அதாவது எந்த இடத்துல என்ன மாதிரி கட்டடம், எத்தனை குடும்பம் இருக்கலாம்னு ஊர் போடுற விதி. ஜெர்சி சிட்டில நடக்குறது கியர்னில நடக்காது, பக்கத்து ஊர்ல வாங்கின நண்பர் சொல்றதை அப்படியே உங்க ஊருக்குப் பொருத்தாதீங்க.

1. லிஸ்டிங்ல இருக்குற யூனிட் கணக்கை நம்பாதீங்க

ஒரு வீட்டுல எத்தனை குடும்பம் இருக்கலாம்னு முடிவு பண்றது டவுன். விக்கிறவரோ, ஏஜென்ட்டோ, எத்தனை கிச்சன் இருக்குங்குறதோ அதை முடிவு பண்ணாது. மீட்டர் மூணு இருந்தா மூணு யூனிட்னு அர்த்தம் இல்ல, என்னிக்கோ ஒரு எலெக்ட்ரிஷியன் வந்து மாட்டிட்டுப் போயிருப்பார்.

அடிக்கடி மாட்டிக்கிற இடங்கள்:

முதலாவது டாக்ஸ் ரெக்கார்டு. நியூ ஜெர்சில ஒரு குடும்பத்துலேர்ந்து நாலு குடும்பம் வரைக்கும் எல்லா வீடும் க்ளாஸ் 2-லதான் வரும், அஞ்சு யூனிட்டும் அதுக்கு மேலயும் போனாத்தான் 4சி. அதனால க்ளாஸ் 2-ன்னு பார்த்துட்டு மல்டி-ஃபேமிலி சரிதான்னு ஏஜென்ட் சொன்னா அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. கீழ பில்டிங் டிஸ்க்ரிப்ஷன்னு ஒரு வரி சுருக்கெழுத்துல இருக்கும், நான் இழந்த வீட்டுக்கு அதுல '2யூ'ன்னுதான் இருந்தது, லிஸ்டிங்ல மூணு. அன்னிக்கே அந்த ஒரு வரியைப் படிச்சிருந்தா நான் நின்னிருப்பேன். ஆனா இதுவும் முழு சாட்சி இல்ல, அசெஸர் வரி போடுறதுக்காக எழுதிவெச்ச குறிப்பு அது, அங்க 3-ன்னு இருந்தாக்கூட ஸோனிங்கும் 3-னு ஒத்துக்கும்னு சொல்ல முடியாது.

ரெண்டாவது, மதர்-டாட்டர் வீடு. எடிசன், ஐஸ்லின் பக்கம் நம்மாளுங்க இதை நிறைய பார்ப்பாங்க, அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்தா தங்க வசதியா தனி கிச்சன், தனி வாசல். சட்டப்படி பெரும்பாலும் அது சிங்கிள் ஃபேமிலிதான், குடும்பத்து ஆளுங்க தங்குறதுக்கு மட்டும் டவுன் அனுமதி குடுத்திருக்கும். அதை வெளியாளுக்கு வாடகைக்கு விடலாம்னு நினைச்சு வாங்காதீங்க.

மூணாவது, 'யூஸ்டு ஆஸ் த்ரீ ஃபேமிலி', 'போனஸ் ரூம் வித் செபரேட் என்ட்ரன்ஸ்', 'பையர் டு வெரிஃபை' மாதிரி வார்த்தைங்க. இதுல எதைப் பார்த்தாலும் அங்க ஏதோ இருக்குன்னு எடுத்துக்கோங்க. நீங்க தேட வேண்டியது 'லீகல் த்ரீ ஃபேமிலி'ங்குற வார்த்தை, அதையும் பேப்பர்ல காட்டச் சொல்லிக் கேளுங்க.

2. ஆஃபர் போடுறதுக்கு முன்னாடி டவுன் ஹாலுக்கு ஒரு தடவை நேர்ல போங்க

டவுனோட வரி மேப்ல அந்த நிலத்துக்கு இருக்குற ப்ளாக் நம்பர், லாட் நம்பர் ரெண்டையும் எழுதி எடுத்துட்டுப் போங்க, அட்ரஸை விட அதுதான் அங்க பேசும். மூணு ஜன்னல்ல கேக்கணும்.

டாக்ஸ் அசெஸர் ஆபீஸ்ல ப்ராப்பர்ட்டி ரெக்கார்டு கார்டு கேளுங்க. பழைய வீடுன்னா பழைய கார்டையும் கேளுங்க. ரெண்டாவது வீடு வாங்கும்போது அந்த அம்மா ஒரு பழுப்பேறின அட்டையை எடுத்துக் காமிச்சாங்க, வீட்டோட படம் கையால வரைஞ்சு, ஓரத்துல பென்சில்ல ரெண்டு குடும்பம்னு எழுதி, பக்கத்துல 1938-னு தேதி. அந்த அட்டைதான் கடைசி வரைக்கும் எங்களுக்கு உதவிச்சு, எப்படின்னு நாலாவதுல சொல்றேன்.

கன்ஸ்ட்ரக்ஷன் ஆபீஸ்ல அந்த ப்ளாக்-லாட்டுக்கு இருக்குற எல்லா பெர்மிட்டும், சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆக்குபன்சியும் (அங்க குடியிருக்கலாம்னு டவுன் குடுக்குற சான்று) கேளுங்க. பெர்மிட் எடுத்துட்டு க்ளோஸ் பண்ணாம விட்டதும் இதுலதான் தெரியும். பேஸ்மென்ட்ல புதுசா பாத்ரூம், கிச்சன் இருந்தும் ஃபைல்ல ப்ளம்பிங் பெர்மிட்டே இல்லைன்னா அங்கயே உங்களுக்குப் பதில் கிடைச்சிடுச்சு.

மூணாவது ஸோனிங் ஆபீசர். இந்த வீடு எந்த ஸோன்ல இருக்கு, அந்த ஸோன்ல எத்தனை குடும்பம் அனுமதி, இந்த வீட்டுக்கு எத்தனைன்னு உங்க ரெக்கார்டுல இருக்கு, இந்த மூணு கேள்விதான். வாயால சொல்றதை வாங்கிட்டு வராதீங்க, லெட்டரா குடுப்பீங்களான்னு கேளுங்க. நிறைய ஊர்ல ஒரு ஃபார்ம், ஒரு சின்ன ஃபீஸ் கட்டினா ஸோனிங் லெட்டர் குடுப்பாங்க. எங்களுக்கு 50 டாலர் ஆச்சு, ஒம்பது நாள்ல வந்தது.

கன்ஸ்ட்ரக்ஷன் ஆபீஸும் ஸோனிங் ஆபீஸும் வேற வேறன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. கட்டினது பாதுகாப்பா இருக்கான்னு ஒருத்தர் பார்ப்பார், அந்த உபயோகமே அங்க அனுமதியான்னு இன்னொருத்தர் பார்ப்பார். ஒருத்தர் ஓக்கே சொன்னா இன்னொருத்தரும் ஓக்கேன்னு ஆகாது, என்னோட முதல் வீட்டு விக்கிறவர் அட்டிக்ல எடுத்த எலெக்ட்ரிக் பெர்மிட்டைக் காட்டித்தான் எல்லாம் லீகல்னு சொல்லிட்டிருந்தார்.

3. ஓப்ரா ரிக்வெஸ்ட் போடுங்க

ஓப்ரான்னா ஸ்டேட்டோட ஓப்பன் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட், நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரின்னு வெச்சுக்கோங்க. நீங்க ஓனரா இருக்கணும்னு அவசியம் இல்ல. முனிசிபல் க்ளார்க் ஆபீஸ்ல ஃபார்ம் இருக்கும், பெரும்பாலான ஊர்ல ஈமெயில்லயோ ஆன்லைன்லயோ போடலாம். ஏழு வேலை நாளுக்குள்ள பதில் சொல்லணும். ஈமெயில்ல அனுப்பினா பொதுவா காசு இல்ல, பேப்பர்ல வேணும்னா சாதாரண சைஸ் பக்கத்துக்கு 5 சென்ட்.

கேக்கும்போது 'இந்த வீட்டைப் பத்தின எல்லாம்'னு பொதுவா எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க. இப்படிப் பிரிச்சு எழுதுங்க: எல்லா பெர்மிட்டும், எல்லா சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆக்குபன்சியும், ஸோனிங் போர்டு குடுத்த தீர்மானங்கள், கோட் வயலேஷன் நோட்டீஸ், வாடகை ரெஜிஸ்ட்ரேஷன். கடைசி ரெண்டும் ரொம்ப முக்கியம், ஏன்னா பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கனவே கம்ப்ளெயின்ட் குடுத்து டவுன் நோட்டீஸ் விட்டிருந்தா அது இதுலதான் வெளிய வரும்.

வீடு பிடிச்ச அன்னிக்கே போட்டுடுங்க, ஆஃபர் ஏத்துக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. அந்த வீடு கிடைக்கலைன்னாலும் உங்களுக்கு நஷ்டம் இல்ல.

4. வந்த பதில் இந்த மூணுல எதுன்னு பாருங்க

ஸோனும் அனுமதிக்குது, பேப்பரும் இருக்கு, அப்படின்னா நிம்மதி, அடுத்த வேலையைப் பாருங்க.

ரெண்டாவது வகை, லீகல் நான்-கன்ஃபார்மிங், பேச்சுல கிராண்ட்ஃபாதர்டுன்னு சொல்லுவாங்க. இப்போ அந்த ஸோன் ஒரு குடும்பத்துக்குத்தான், ஆனா அந்த ரூல் வர்றதுக்கு முன்னாடியே இந்த வீட்டுல ரெண்டு குடும்பம் இருந்தது, அதனால தொடரலாம். இது மோசமான வாங்கல் இல்ல, பழைய ஊர்ல பாதி வீடு இப்படித்தான். ஆனா 'இருந்தது'ன்னு நிரூபிக்க வேண்டியது உங்க தலையில. இதுக்கு ஸ்டேட்டோட முனிசிபல் லேண்ட் யூஸ் லாவுல செக்ஷன் 68-னு ஒண்ணு இருக்கு, அதுபடி டவுன்ல ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கலாம், அதை வாங்கப்போறவரும் அப்ளை பண்ணலாம்னு சட்டத்துலயே இருக்கு. இது நிறைய ஏஜென்ட்டுக்கே தெரியல. ரூல் மாறி ஒரு வருஷத்துக்குள்ளன்னா ஸோனிங் ஆபீசரே குடுப்பார், அதுக்கு மேல ஆயிடுச்சுன்னா ஸோனிங் போர்டுக்குத்தான் போகணும்.

நாங்க விக்கிறவரையே அப்ளை பண்ணச் சொன்னோம், அவர் வீடு, அவர் செலவு. சாட்சியா குடுத்தது அந்த 1938 கார்டு, ஊர் லைப்ரரில இருந்த பழைய டைரக்டரி, பழைய சான்பார்ன் மேப் (தீ இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் வரைஞ்ச மேப்), அந்தத் தெருவுலயே பொறந்து வளர்ந்த எதிர்வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்ட அஃபிடவிட். ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, க்ளோசிங்கைத் தள்ளி வெச்சோம், ஆனா கையில சர்ட்டிஃபிகேட்டோட வாங்கினோம்.

இந்த வகையில ஒரு பொறி இருக்கு, கிராண்ட்ஃபாதர்டு வீட்டைப் பெருசாக்க முடியாது. டார்மர் போட்டு, அதாவது சரிஞ்ச கூரையை ஜன்னலோட தூக்கிக் கட்டி ரூம் ஏத்தலாம், பின்னாடி நீட்டலாம்னு திட்டம் இருந்தா அதுக்கே வேரியன்ஸ், அதாவது ஸோனிங் விதிவிலக்கு கேப்பாங்க. வீடு முழுசா எரிஞ்சு போச்சுன்னா திரும்பவும் ரெண்டு குடும்ப வீடா கட்ட விடுவாங்களாங்குறதும் கேள்விதான், சட்டம் பாதுகாக்குறது பாதிச் சேதத்தை.

மூணாவது வகை, இல்லீகல். ஸோனும் அனுமதிக்கல, பழசுன்னு நிரூபிக்கவும் வழி இல்ல. இங்க விலையைக் குறைச்சுக் குடுக்குறேன்னு சொன்னாக்கூட சட்டப்படி எத்தனை குடும்பமோ அத்தனை குடும்ப வீட்டோட விலையை மட்டும் மனசுல வெச்சுப் பேசுங்க. அந்த யூனிட்டோட வாடகையை உங்க கணக்குலேர்ந்து முழுசா அடிச்சுடுங்க.

5. அட்டர்னி ரிவ்யூல இந்த வரிகளை எழுத வைங்க

காண்ட்ராக்ட் கையெழுத்தாகி வந்ததுலேர்ந்து மூணு வேலை நாள் அட்டர்னி ரிவ்யூ, வக்கீல் அதைப் படிச்சு மாத்தச் சொல்லவோ ரத்து பண்ணவோ இருக்குற நேரம். பயப்படாதீங்க, உங்க வக்கீல் அந்த மூணு நாளுக்குள்ள மறுப்பு லெட்டர் அனுப்பிட்டா ரெண்டு வக்கீலும் ஒத்துக்கிற வரைக்கும் ரிவ்யூ நீளும், நடைமுறையில ஒரு வாரம், பத்து நாள் கூட ஆகும். ஓப்ரா பதிலும் ஸோனிங் லெட்டரும் வர்றதுக்கு அந்த நேரம் போதும். ஆனா அதுவரைக்கும் விக்கிறவர் வேற ஆளுக்கும் குடுத்துடலாம், அது ஒரு ரிஸ்க்தான்.

வக்கீலை வீடு தேட ஆரம்பிக்கும்போதே பேசி வெச்சுக்கோங்க, மல்டி-ஃபேமிலி நிறைய பண்ணினவரா பாருங்க. என் வக்கீல் எழுதினது மூணு விஷயம். ஒண்ணு, இது சட்டப்படி இத்தனை யூனிட் வீடுன்னு விக்கிறவர் உறுதி குடுக்கணும். ரெண்டு, டவுன் அதை எழுத்துல ஒத்துக்கலைன்னா நாங்க விலகலாம், டெபாசிட் முழுசா திரும்பணும். மூணு, ஓப்பன் பெர்மிட், வயலேஷன் எல்லாத்தையும் க்ளோசிங்குக்கு முன்னாடி அவரே முடிக்கணும். எங்க டெபாசிட்டைக் காப்பாத்தினது அந்த ரெண்டாவது வரி. ஏஜென்ட் அப்போ 'ப்ரோ, இந்தப் பக்கம் எல்லா வீடும் இப்படித்தான், இதெல்லாம் கேட்டா டீல் போயிடும்'னு சொன்னார், வக்கீல் பேச்சைக் கேட்டது நல்லதாப் போச்சு.

6. பேங்க் என்ன பார்க்கும்

ரெண்டுலேர்ந்து நாலு யூனிட் வீட்டுக்கு அப்ரைஸர் ஒரு தனி ஃபார்ம் நிரப்புவார், அதுல ஸோனிங்குக்குன்னே ஒரு வரி: லீகல், லீகல் நான்-கன்ஃபார்மிங், ஸோனிங் இல்ல, இல்லீகல். எந்தக் கட்டத்துல டிக் விழுதோ அதுதான் உங்க லோன். கிராண்ட்ஃபாதர்டுன்னா சில பேங்க் ரீபில்ட் லெட்டர் கேக்கும், அதாவது எரிஞ்சா திரும்பக் கட்டலாம்னு டவுன் எழுதிக் குடுக்கணும். அதை முன்கூட்டியே பேங்க்ல கேட்டு வெச்சுக்கோங்க, கடைசி வாரத்துல கேட்டா டவுன் உங்க அவசரத்துக்கு ஓடாது.

அரசாங்கம் இன்சூர் பண்ற எஃப்ஹெச்ஏ லோன்ல 3.5 சதவீதம் டவுன் பேமென்ட்ல வாங்கலாம்னு நிறைய பேர் வருவாங்க, நீங்க அங்கயே குடியிருக்கணும். ஆனா மூணு, நாலு யூனிட்டுன்னா ஒரு பரீட்சை இருக்கு, செல்ஃப்-சஃபிஷியன்ஸி. நீங்க இருக்கப்போற யூனிட்டையும் சேர்த்து மொத்த வாடகை மதிப்புல 75 சதவீதம், மாசத் தவணை, வரி, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் தாங்கணும். யூனிட்டுக்கு 2,200 டாலர்னு மூணு யூனிட்னா 6,600, அதுல 75 சதவீதம் 4,950, உங்க மாசக் கட்டணம் அதைத் தாண்டக்கூடாது. நம்ம ஸ்டேட் ப்ராப்பர்ட்டி டாக்ஸுக்கு இதுவே கஷ்டம். இதுல மூணாவது யூனிட் இல்லீகல்னு போயிட்டா நீங்க போட்ட வாடகைக் கணக்கு மொத்தமும் சரிஞ்சிடும். ஃபேனி மேங்குற நிறுவனத்தோட விதிப்படி பேங்க் குடுக்குற லோன்ல 2023 நவம்பர்லேர்ந்து குடியிருக்குற ஓனருக்கு ரெண்டுலேர்ந்து நாலு யூனிட்டுக்கு 5 சதவீதம் போதும், இந்தப் பரீட்சை அதுல கிடையாது, ரெண்டையும் கேட்டுப் பாருங்க.

இன்சூரன்ஸ்ல 'ஆர்டினன்ஸ் ஆர் லா' கவரேஜ் (சேதமானா இப்போதைய சட்டப்படி திரும்பக் கட்ட ஆகுற கூடுதல் செலவுக்கு) சேர்த்துக்கோங்க, பழைய வீட்டுக்குக் கண்டிப்பா வேணும்.

7. அந்த யூனிட்ல ஏற்கனவே ஆள் இருந்தா

இதைத்தான் ரொம்ப யோசிக்கணும். நாங்க பார்த்த அட்டிக்ல ஒரு குடும்பம் இருந்தது. கூரை சரிஞ்சு வந்து பாத்ரூம்ல குனிஞ்சுதான் நிக்க முடியும், இறங்குறதுக்கு ஒரே ஒரு குறுகலான படி, அந்தப் படியில உக்காந்து ஒரு சின்னப் பொண்ணு ஹோம்வொர்க் பண்ணிட்டிருந்தா. தீப்பிடிச்சா அவங்க எந்த வழியா வருவாங்கன்னு எனக்கு அப்போ தோணவே இல்ல, இப்போ அது அடிக்கடி ஞாபகம் வருது. 2021 செப்டம்பர்ல ஐடா புயல் வந்தப்போ நியூயார்க் சிட்டில 11 பேர் பேஸ்மென்ட் வீட்டுக்குள்ளயே தண்ணில மாட்டி இறந்தாங்க, அதுல கிட்டத்தட்ட எல்லா வீடும் அனுமதி இல்லாதது. ரெண்டாவது வழி, ஜன்னல் சைஸ்னு டவுன் கேக்குறதை வெறும் பேப்பர் தொல்லையா நினைக்காதீங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, இல்லீகல் யூனிட்னு டவுன் மூடச் சொல்லி அங்க இருக்குற ஆளைக் காலி பண்ண வைக்கணும்னா, அவங்களுக்கு ஆறு மாச வாடகை ரீலொகேஷன் பணமா ஓனர் குடுக்கணும். யூனிட்டைக் கட்டினது பழைய ஓனரா இருந்தாலும், அந்த நேரத்துல ஓனர் நீங்கதான். மாச வாடகை 1,800-னா 10,800 டாலர், அதுக்கு மேல டவுன் ஃபைன், யூனிட்டை இடிச்சு எடுக்குற செலவு. அப்படிப்பட்ட யூனிட்டுக்கு வாடகை பாக்கின்னு கோர்ட்டுக்குப் போனாலும் சிக்கல்தான்.

அதோட இங்க பொதுவா லீஸ் முடிஞ்சதுன்னு சொல்லி ஆளை அனுப்ப முடியாது, சட்டம் ஒத்துக்கிற காரணம் வேணும் (ஓனரும் அங்கயே குடியிருந்து, வாடகை யூனிட் ரெண்டுக்கு மேல இல்லாத வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு). மூணு யூனிட் வரைக்கும் உள்ள வீட்டுல நீங்களே குடியேறப்போற யூனிட்டைக் காலியாக் குடுக்கணும்னு காண்ட்ராக்ட்ல எழுதலாம், அதுக்கு விக்கிறவர் ரெண்டு மாச நோட்டீஸ் குடுக்கணும். 'க்ளோசிங் முடிஞ்சதும் நீங்களே பேசிக்கோங்க'ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

8. 'வாங்கிட்டு லீகல் பண்ணிக்கலாம்'னு யாராவது சொன்னா

ஸோன் அனுமதிக்காத யூனிட்டுக்கு யூஸ் வேரியன்ஸ் வேணும், பேச்சுவழக்குல டி வேரியன்ஸ். ஏழு பேர் ஸோனிங் போர்டுல அஞ்சு பேர் ஆமான்னு சொல்லணும், நாலு பேர் சொன்னா போதாது. 200 அடிக்குள்ள இருக்குற எல்லா ஓனருக்கும் விசாரணைக்கு 10 நாள் முன்னாடி நோட்டீஸ் அனுப்பணும், பொது அறிவிப்பும் போடணும். அப்ளிகேஷன் முழுமைன்னு ஏத்துக்கிட்டதுலேர்ந்து முடிவுக்கு போர்டுக்கு 120 நாள் அவகாசம், முழுமைன்னு ஏத்துக்கவே ஒரு மாசம் இழுக்கும். ஆர்க்கிடெக்ட், ப்ளானர், வக்கீல், டவுன்ல முன்பணமா கட்டுற எஸ்க்ரோன்னு நான் விசாரிச்ச ரெண்டு வக்கீலும் 10,000 டாலருக்கு மேல எடுத்து வெச்சுக்கச் சொன்னாங்க, கிடைக்கும்னு ரெண்டு பேரும் உறுதி சொல்லல. பார்க்கிங் பிரச்சனை இருக்குற தெருவுல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எதிர்ப்பாங்க, அதுவும் நியாயம்தான்.

உண்மையாவே வேணும்னா, வேரியன்ஸ் கிடைச்சாத்தான் க்ளோசிங்னு காண்ட்ராக்ட் போடுங்க.

9. க்ளோசிங்குக்கு முன்னாடி கையில இருக்கவேண்டிய பேப்பர்

ஸோனிங் லெட்டர் இல்லைன்னா செக்ஷன் 68 சர்ட்டிஃபிகேட். பெர்மிட் ஃபைல், எல்லாம் க்ளோஸ் ஆனது. சில ஊர்ல விக்கும்போது சிசிஓ (கன்டின்யூட் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆக்குபன்சி) கட்டாயம், வாங்கினதும் அதுல யூஸ்னு இருக்குற வரியைப் படிங்க, எத்தனை குடும்பம்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஸ்மோக் டிடெக்டர் சரியா இருந்ததுக்காகக் குடுத்த பேப்பரை லீகல்னு காட்டுறவங்க இருக்காங்க.

மூணு யூனிட்டும் அதுக்கு மேலயும்னா ஸ்டேட்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்கணும், ஸ்டேட் இன்ஸ்பெக்ஷன் முடிச்சுக் குடுக்குற சர்ட்டிஃபிகேட்டை இங்க 'க்ரீன் கார்டு'ன்னு சொல்லுவாங்க, இமிக்ரேஷன் கார்டோட குழப்பிக்காதீங்க. அது இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேளுங்க, த்ரீ ஃபேமிலின்னு விக்கிறவர்கிட்ட அது இல்லைங்குறதே ஒரு பெரிய தடயம். 1978-க்கு முன்னாடி கட்டின வாடகை வீட்டுக்கு லெட் பெயின்ட் சர்ட்டிஃபிகேட்டும் கேளுங்க.

வாங்கினதும் லயபிலிட்டி இன்சூரன்ஸ் சர்ட்டிஃபிகேட்டை டவுன்ல வருஷாவருஷம் பதியணும். நாலு யூனிட் வரைக்கும் உள்ள வீடு, ஒண்ணுல நீங்களே இருந்தா குறைஞ்சது 3,00,000 டாலர் கவரேஜ், மத்தபடி 5,00,000. க்ளோசிங் நாளுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போதே இந்தத் தொகையைச் சொல்லி எடுத்துடுங்க, அப்புறம் மாத்தப்போனா தனியா ஒரு பேப்பர் வேலை.